ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுங்கள்

பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் இருந்த அமெரிக்க ஃபேக்டரியில் சுலைஹாவுக்குக் கொடுத்திருந்த வேலை, பார்வைக்கு நன்றாக இருப்பதை நம்பாமல் இருப்பது. சிறு பூச்சி அளவுள்ள மின்சில்லுகள் தட்டுத் தட்டாக வரும். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். கம்பி விட்டிருந்தாலோ கீறல் விழுந்திருந்தாலோ தூக்கி ஒதுக்க வேண்டும். கண் அசந்து ஒன்றை விட்டுவிட்டால் சூப்பர்வைசர் முழுத் தட்டையும் திருப்பிக் கொண்டுவந்து மேசையில் வைப்பாள். சுலைஹாவின் தட்டு திரும்பி வந்ததே இல்லை. அதில் அவளுக்குப் பெருமை உண்டு. அந்தப் பெருமையை அவள் மறைத்ததும் இல்லை.

ஜார்ஜ்டவுனில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்குப் பின்பக்கச் சந்தில் ஒரு பழைய கடைவீடு. கீழே பாத்திரக் கடை. மேல்மாடியில் ஒருபக்கம் சுலைஹாவும் அவள் கணவன் ஷேக் அலாவுதீனும், மறுபக்கம் அலாவுதீனின் அக்கா, சுலைஹா ‘லாத்தா’ என்று கூப்பிடும் காமாரியாவின் குடும்பமும் குடியிருந்தார்கள். அலாவுதீன் சுலைஹாவுக்குத் தாய்மாமன் மகன். பட்டர்வொர்த் துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். காலையில் அவன் ஃபெர்ரி பிடித்து அக்கரைக்குப் போவான், அவள் ஃபேக்டரி பஸ்ஸில் தெற்கே போவாள். கல்யாணமான பெண் இப்படித் தொலைதூரம் வேலைக்குப் போவது காமாரியாவுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் பிள்ளை பிறந்தபோது, "நீ போ, நான் பாத்துக்கிறேன்" என்று சொன்னவளும் அவள்தான்.

1976 ஜனவரியில் ரோஹானா பிறந்தாள். மூன்றரைக் கிலோ எடை, தலை நிறைய முடி. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள்: நல்ல பிள்ளை, அழுகையே இல்லை. பாலுக்குக்கூட உள்ளங்காலைச் சுண்டித்தான் எழுப்ப வேண்டியிருந்தது. எழுந்தாலும் நாலு வாய் குடித்துவிட்டு மறுபடி தூங்கிப் போவாள்.

சுலைஹாவின் கண் சும்மா இருக்கவில்லை. பிறந்தவுடன் வந்த மஞ்சள் ஒரு மாதத்துக்கு மேலும் போகவில்லை. எப்போதாவது அழுதால் குரல் கரகரவென்று கிழவர் குரல்போல் வந்தது. நாக்கு வாய்க்குள் அடங்காமல் நுனி வெளியே தெரிந்தது. தொப்புள் பிதுங்கியிருந்தது. பினாங்கு வெயிலில் எல்லாருக்கும் வியர்த்து ஊற்றும்போது அந்தக் குழந்தையின் கைகால் மட்டும் சில்லென்று இருந்தன. கிளினிக்கில் சொன்னாள். "சில பிள்ளைங்க மெதுவாத்தான் வரும்" என்று எடை போட்டு அனுப்பினார்கள். வீட்டில் சொன்னாள்.

"உன் கண்ணுக்கு எல்லாமே ரிஜெக்ட்டாத்தான் தெரியும்" என்றாள் காமாரியா. "ஃபேக்டரிய ஃபேக்டரியோட விட்டுட்டு வா லா. பிள்ளைய பிள்ளையா பாரு."

சுலைஹா அந்தப் பேச்சுக்கு அடங்கினாள். பத்துப் பேர் ஒரே மாதிரி சொல்லும்போது தன் கண்தான் தப்போ என்று நினைத்தாள். ஒரு வயதில் ரோஹானாவுக்குத் தலை நிற்கவில்லை. இரண்டு வயதில் அணைப்புக் கொடுத்தால் உட்கார்ந்தாள். அந்த இரண்டு வருஷத்தைப் பற்றிப் பிற்காலத்தில் யார் கேட்டாலும் சுலைஹா ஒன்றுதான் சொல்வாள்: "எனக்குத் தெரிஞ்சது. தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

1978-ல் ரோஹானாவுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் அன்றைக்குக் குழந்தைகளைப் பார்த்தவர் அம்பிகைபாகன் என்ற டாக்டர், யாழ்ப்பாணத்துக் குடும்பத்தைச் சேர்ந்தவர், மெலிந்த மனிதர். காய்ச்சலைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, குழந்தையின் கழுத்தைத் தடவிப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், தோலைக் கிள்ளிப் பார்த்தார். அப்புறம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, பிறந்ததிலிருந்து நடந்ததை எல்லாம் சொல்லச் சொன்னார். சுலைஹா ஒன்று விடாமல் சொன்னாள். இரண்டரை வருஷத்தில் அவளை முழுதாகப் பேசவிட்ட முதல் ஆள் அவர்தான். ரத்தம் எடுத்து அனுப்பினார். முடிவு வந்ததும் சுலைஹாவையும் அலாவுதீனையும் கூப்பிட்டார்.

"கழுத்துல தைராய்டுன்னு ஒரு சுரப்பி இருக்கு. அதுல இருந்து ஒரு சத்து ஊறி உடம்பு முழுக்கப் போகணும். இந்தப் பிள்ளைக்கு அது பிறந்ததுல இருந்தே ஊறல."

"மருந்து இருக்கா டாக்டர்?" என்றான் அலாவுதீன்.

"இருக்கு. சின்ன மாத்திரை. தினமும் கொடுக்கணும், ஆயுசுக்கும். உயரமா வளருவா, நடப்பா, பேசுவா. ஆனா மூளை வளர வேண்டிய காலம் முதல் ரெண்டு வருஷம். அது போயிட்டுது. போனது முழுசாத் திரும்பாது."

சுலைஹா அழவில்லை. "எப்ப குடுத்திருக்கணும்?" என்று கேட்டாள்.

"பிறந்து ஒரு மாசத்துக்குள்ள."

"ஒரு மாசத்துல பாத்தா தெரியுமா?"

"பாத்தா தெரியாது, அம்மா. பெரும்பாலான பிள்ளைங்க பிறக்கும்போது எல்லாப் பிள்ளையும் மாதிரிதான் இருக்கும். ரத்தத்துலதான் தெரியும். வெளிநாட்டுல சில ஊர்கள்ல பிறக்கிற எல்லாப் பிள்ளைக்கும் எடுக்க ஆரம்பிச்சிருக்காங்க. இங்க இன்னும் வரல."

அந்தப் பதில் அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஒரு சொட்டு ரத்தம். அதை யாரும் எடுக்கவில்லை என்பதற்காக ஒரு பிள்ளையின் வாழ்க்கை.

"அடுத்த பிள்ளைக்கு வருமா?"

"சுரப்பியே இல்லாத பிள்ளைன்னா அநேகமா திரும்ப வராது. ஆனா உங்க மகளுக்குச் சுரப்பி இருக்கு, வீங்கியும் இருக்கு, வேலைதான் செய்யல. நீங்க ரெண்டு பேரும் சொந்தம். இந்த வகையில நாலுல ஒரு பிள்ளைக்கு வரலாம்."

"அதை எழுதிக் குடுங்க" என்றாள் சுலைஹா. "அடுத்தது பிறந்தா என்னென்ன டெஸ்ட் எடுக்கணும்னும் எழுதுங்க. நாளைக்கு நீங்க இந்த ஊர்ல இருக்க மாட்டீங்க."

அவர் சிரித்துக்கொண்டே எழுதினார். அடுத்த வருஷமே அவருக்கு மாற்றலாகிவிட்டது.

மாத்திரை தொடங்கி மூன்றாவது வாரம், காலையில் சுலைஹா பஸ்ஸுக்குக் கிளம்பும்போது ரோஹானா அழுதாள். தெரு வரைக்கும் கேட்கிற அழுகை. கீழே பாத்திரக் கடைக்காரர் வெளியே வந்து மேலே பார்த்தார். சுலைஹா படியிலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பஸ் போய்விட்டது. மூன்றரை வயதில் ரோஹானா நடந்தாள். ஐந்து வயதில் "மா" என்றாள், அப்புறம் "சோறு" என்றாள். அதற்கு மேல் எல்லாமே மெதுவாகத்தான் வந்தது, பலது வரவே இல்லை.

இரண்டாவது முறை வயிற்றில் தங்கியபோது வீட்டில் யாரும் சந்தோஷப்படவில்லை. அலாவுதீன் பயந்தான். காமாரியா துஆ ஓதித் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், கூடவே, "இதைப் பத்தி வெளிய பேசாத" என்றும் சொன்னாள். சுலைஹா தண்ணீரைக் குடித்தாள். பேச்சைக் கேட்கவில்லை. ஒவ்வொரு மாதமும் கிளினிக்கில் டாக்டரின் கடிதத்தைக் காட்டினாள். ஒவ்வொரு மாதமும் வேறொருவர் அதைப் படித்துவிட்டு, "பிறந்தப்புறம் பாக்கலாம்" என்றார்கள்.

1982 மார்ச்சில் ஹாஜரா பிறந்தாள். அழகான பிள்ளை, மூன்று கிலோவுக்கு மேல். மூன்றாம் நாள் காலை வார்டுக்கு வந்த இளம் டாக்டர், தாயும் பிள்ளையும் வீட்டுக்குப் போகலாம் என்று எழுதினார். சுலைஹா கடிதத்தை நீட்டினாள். அவர் நின்றபடியே படித்தார்.

"குழந்தை நார்மல்" என்றார் ஆங்கிலத்தில். "நல்லாப் பால் குடிக்குது. இந்த டெஸ்ட் இங்க வழக்கமா எடுக்கிறது இல்ல, கோலாலம்பூருக்கு அனுப்பணும். அறிகுறி ஏதாவது தெரிஞ்சா கொண்டு வாங்க."

அமெரிக்கக் கம்பெனியில் ஏழு வருஷம் வேலை பார்த்தவளுக்கு அந்த ஆங்கிலம் புரிந்தது. "நோ டெஸ்ட், நோ கோ ஹோம்" என்றாள்.

வார்டின் தலைமை நர்ஸ், எல்லாரும் ‘மிஸ்ஸி’ என்று கூப்பிடும் தவமணி, விரைந்து வந்தாள். நாற்பது வயது, கஞ்சி போட்ட வெள்ளை உடை, யாழ்ப்பாணத்துப் பேச்சு. அவள் குரலுக்கு வார்டே அடங்கும்.

"என்ன பிள்ளை இது? இந்தக் கட்டிலுக்கு வெளியில ஒரு ஆள் வலியோட நிக்குது. எழும்பும்."

"கட்டில எடுத்துக்குங்க மிஸ்ஸி. நான் பெஞ்சில உக்காந்துக்கிறேன்."

சொன்னபடியே செய்தாள். தையல் போட்ட உடம்போடு, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, வார்டு வாசலில் இருந்த மரப்பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். போகிற வருகிறவர்கள் பார்த்தார்கள். அழைத்துப் போக வந்த அலாவுதீனை டாக்டர் ஓரமாகக் கூப்பிட்டு, மனைவிக்கு எடுத்துச் சொல்லும்படி கேட்டார். வெள்ளைக் கோட்டைக் கண்டாலே தரையைப் பார்க்கிற ஆள் அலாவுதீன். அன்றைக்கும் தரையைப் பார்த்துத்தான் பேசினான்.

"மூத்தவ விஷயத்துல எல்லாரும் சொன்னதத்தான் கேட்டோம், டாக்டர். இந்தத் தடவை இவ சொல்றதக் கேக்கலாம்னு இருக்கேன்."

சுலைஹா அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவனிடமிருந்து அப்படி ஒரு வார்த்தையை அவள் எதிர்பார்க்கவே இல்லை.

பகல் சாப்பாட்டு நேரம் வரைக்கும் அவள் அந்தப் பெஞ்சை விட்டு நகரவில்லை. தவமணி இரண்டு தடவை கடந்து போனாள். மூன்றாவது தடவை நின்றாள்.

"பிள்ளைக்கு ஒண்டுமில்லை எண்டு டாக்டர் சொல்லுறார். பிறகு ஏன் இந்தப் பிடிவாதம்?"

"எங்க ஃபேக்டரியில ரேடியோக்குள்ள போற ஒரு சில்லைக்கூட டெஸ்ட் பண்ணாம பெட்டியில போட மாட்டோம், மிஸ்ஸி. நான் பெத்தது அதைவிட மட்டமா?" சுலைஹாவின் குரல் உயரவில்லை. "ஒண்ணுமில்லைன்னா எழுதிக் குடுங்க. சுலைஹா மகளுக்கு தைராய்டு கோளாறு இல்லைன்னு எழுதி, டாக்டர் பேர் போட்டு, கையெழுத்து வச்சுக் குடுங்க. இப்பவே எழுந்து போயிடுறேன்."

தவமணி உள்ளே போனாள். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அவள் டாக்டரோடு பேசுவது தெரிந்தது, என்ன பேசினாள் என்பது கேட்கவில்லை. கால்மணி நேரம் கழித்து ஒரு தாளோடு வந்தாள். ஒன்றுமில்லை என்று எழுதிய தாள் அல்ல அது. அப்படி எழுத அந்த டாக்டருக்குக் கை வரவில்லை. ரத்தப் பரிசோதனைக்கான படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். தவமணியே குழந்தையைப் பிடித்து, கையில் நரம்பு தேடி ரத்தம் எடுத்தாள். ஹாஜரா வீரிட்டு அழுதாள். "நல்லா அழு" என்றாள் சுலைஹா.

ஐந்து நாளில் முடிவு வரும் என்றார்கள். பிறந்த எட்டாம் நாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள். "இன்னும் வரல" என்றார் கவுண்டரில் இருந்தவர். ஒன்பதாம் நாளும் வரவில்லை. பத்தாம் நாள், "வந்தா நாங்களே கூப்பிடுவோம், வீட்ல இருங்க" என்றார். வீட்டில் டெலிபோனே கிடையாது.

இதற்குள் ஹாஜராவுக்கு மஞ்சள் ஏறியிருந்தது. பால் குடிக்க எழுப்ப வேண்டியிருந்தது. பன்னிரண்டாம் நாள் காலை, ரோஹானாவுக்கு மாத்திரை கொடுத்த கையோடு இன்னொரு மாத்திரையை எடுத்துக் கத்தியால் நான்காக வெட்டி, ஒரு துண்டைக் கரண்டியில் நசுக்கித் தாய்ப்பாலில் கரைத்தாள் சுலைஹா. கரண்டியைக் குழந்தையின் வாய் வரைக்கும் கொண்டுபோனாள். மருந்து அதுதான் என்று அவளுக்குத் தெரியும். அளவு தெரியாது. அதிகமானால் அந்தச் சின்ன இதயம் தாங்குமா என்பதும் தெரியாது. கரண்டியைத் திருப்பி எடுத்துக் கழுவினாள். அவளுக்குப் பயத்தைவிட ஆத்திரமே அதிகம். கையில் மருந்து இருக்கிறது, எதிரே பிள்ளை இருக்கிறது, நடுவில் ஒரு காகிதம் வரவில்லை.

அன்றைக்குக் கவுண்டருக்குப் போகவில்லை. ஒரு கையில் ரோஹானா, மறு கையில் ஹாஜரா. பார்வையாளர் நேரமில்லை என்று தடுத்த காவலாளியைத் தாண்டி நேரே வார்டுக்குள் போனாள்.

"மிஸ்ஸி, என் காகிதம் எங்க?"

தவமணி திட்ட வாயெடுத்தாள். ரோஹானாவைப் பார்த்தாள். ஆறு வயது உயரம், இரண்டு வயதுப் பிள்ளையின் முகபாவம். வாயைத் திறந்து சிரித்துக்கொண்டு தவமணியின் வெள்ளைத் தொப்பியைக் காட்டி, "பூ" என்றாள். தவமணி மேசைக்குப் போய் டிராயர்களை இழுக்க ஆரம்பித்தாள். மூன்றாவது டிராயரில், வீட்டுக்குப் போனவர்களின் தாள்களோடு ஒரு கவர் இருந்தது. கோலாலம்பூர் முத்திரை. நாலு நாளைக்கு முன்பே வந்திருந்தது. பிரிக்கப்படவில்லை.

பிரித்துப் படித்தவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டாள். "பிள்ளை, நீர் சொன்னது சரி. இருக்குது."

"கட்டில் காலியானா காகிதமும் காலியா, மிஸ்ஸி?" என்றாள் சுலைஹா. அவ்வளவுதான் கேட்டாள். தவமணியே குழந்தையை வாங்கிக்கொண்டு குழந்தைகள் பிரிவுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள். அன்று மாலைக்குள் முதல் மாத்திரை, சரியான அளவில், ஹாஜராவின் நாக்கில் விழுந்தது. பிறந்து பன்னிரண்டாம் நாள்.

ஹாஜரா ஏழு மாதத்தில் உட்கார்ந்தாள், பதின்மூன்று மாதத்தில் நடந்தாள், இரண்டு வயதில் எதிர்த்துப் பேசினாள். மேதை ஒன்றும் இல்லை. கணக்குப் பாடத்தில் பெயிலானாள், அக்காவோடு சண்டை போட்டாள், கெட்டிக்காரத்தனமாகப் பொய் சொன்னாள். ஒவ்வொரு பொய்யைக் கண்டுபிடித்தபோதும் சுலைஹா திட்டுவாள். திட்டி முடித்துவிட்டு அடுப்படியில் தனியாகச் சிரித்துக்கொள்வாள்.

அவளால் சும்மா இருக்க முடியவில்லை. சனிக்கிழமைகளில் கர்ப்பிணிகள் வரும் கிளினிக்கின் வாசலில், இரண்டு பெண்களையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு நிற்பாள். வருகிறவர்களைக் கூப்பிட்டுச் சொல்வாள்: "ரெண்டும் என் பிள்ளைங்க. ரெண்டு பேருக்கும் ஒரே வியாதி. இவளுக்கு ரெண்டு வயசு தாண்டிக் கண்டுபிடிச்சாங்க. இவளுக்குப் பன்னெண்டு நாள்ல. பிள்ளை பிறந்தா ரத்தம் எடுக்கச் சொல்லிக் கேளுங்க." சிலர் வயிற்றைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு விலகினார்கள். கிளினிக் ஆட்கள் விரட்டினார்கள். அடுத்த சனிக்கிழமை மறுபடி வந்து நின்றாள்.

ஆறேழு வருஷத்தில் ஐந்து தாய்மார்கள் அவள் பேச்சைக் கேட்டுச் சண்டை போட்டு டெஸ்ட் எடுத்தார்கள். ஐந்து பிள்ளைகளுக்கும் ஒன்றுமில்லை. அவர்களில் ஒருத்தி சந்திரிகா, மார்க்கெட் ஸ்ட்ரீட் புடவைக் கடைக்காரரின் மனைவி. நடுக்கடையில் சுலைஹாவைப் பிடித்துக்கொண்டாள்.

"உன்னால என் பிள்ளைய ஊசியால குத்த வச்சேன். வீட்ல அத்தனை பேர்கிட்டயும் ஏச்சு வாங்கினேன். கடைசியில ஒண்ணுமே இல்ல!"

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் சுலைஹா. "ஒண்ணுமில்லைன்னு உனக்கு எழுத்துல குடுத்துட்டாங்க. நிம்மதியா தூங்கு. எனக்கு மூத்தவ பிறந்தப்ப அது கிடைக்கல." சந்திரிகா முறைத்துவிட்டு, சுலைஹா எடுத்து வைத்த துணியை மடித்துக் கட்டிக் கொடுத்தாள்.

ரோஹானாவைப் பள்ளிக்கூடங்கள் சேர்த்துக்கொள்ளவில்லை. சேர்த்த ஒரே பள்ளியும் இரண்டாம் மாதம் திருப்பி அனுப்பியது. பதினாறு வயதில் அவள் தானாகவே கீழே இறங்கிப் பாத்திரக் கடையில் உட்கார ஆரம்பித்தாள். குண்டான்களைத் துடைத்து, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்குவாள். எந்த மூடி எதற்கு என்பது கடைக்காரரைவிட அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. அவர் அவளை வேலைக்கு வைத்துக்கொண்டார்.

1996-ல் காமாரியாவின் மகள் மைமூனாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையும் சொந்தத்தில்தான். முந்தின நாள் காமாரியா வந்து தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க நிறையப் பேர் வர்றாங்க. ரோஹானா நாளைக்கு வீட்லயே இருக்கட்டுமே. கூட்டத்துல பயந்துக்குவா."

"அவ பயப்பட மாட்டா லாத்தா. நீங்கதான் பயப்படுறீங்க."

மறுநாள் சுலைஹா ரோஹானாவுக்குப் பச்சைப் பட்டு உடுத்தி, கை நிறைய வளையல் போட்டு, பெண்கள் பகுதியில் முதல் வரிசையில் உட்கார வைத்தாள். யாராவது "இது யாரு?" என்று கேட்பதற்கு முன்பே சுலைஹாவின் பதில் வந்தது: "என் மூத்த மக." பிரியாணி வந்ததும் ரோஹானா உரக்கச் சிரித்தாள். கூட்டம் திரும்பிப் பார்த்தது. சுலைஹா திரும்பிப் பார்த்தவர்களை ஒவ்வொருவராகத் திருப்பிப் பார்த்தாள். அதற்கப்புறம் காமாரியா அவளோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். ஜெலுத்தோங்கில் ஃப்ளாட் வாங்கிக்கொண்டு அந்தக் குடும்பம் குடிபோனது.

1999-ல் ஒரு செவ்வாய்க்கிழமை. சுலைஹாவுக்கு மதிய ஷிஃப்ட். காலையில் சுகாதார நர்ஸ் ஒருத்தி பாத்திரக் கடையில் வந்து மைமூனாவைத் தேடினாள். மைமூனாவின் அடையாள அட்டையில் பழைய விலாசமே இருந்தது. ரோஹானா படியேறிப் போய்த் தாயின் கையைப் பிடித்துக் கீழே இழுத்து வந்தாள்.

ஆஸ்பத்திரியில் இப்போது பிறக்கிற எல்லாப் பிள்ளைக்கும் தொப்புள்கொடியிலிருந்து ரத்தம் எடுக்கிறார்கள் என்று நர்ஸ் விளக்கினாள். மைமூனா குழந்தையின் ரத்தத்தில் சந்தேகம் இருக்கிறது. மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். கொடுத்திருந்த எண்ணுக்கு மூன்று முறை போன் செய்தார்கள். ஒரு அம்மா எடுத்து, வருகிறோம் என்கிறாள், வருவதில்லை. குழந்தை பிறந்து இன்றோடு ஒன்பது நாள்.

எல்லாப் பிள்ளைக்கும் என்ற சொல்லைச் சுலைஹா இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். பிறகு துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு, ரோஹானாவையும் கூட்டிக்கொண்டு டாக்ஸி பிடித்தாள்.

ஃப்ளாட் கதவைத் திறந்த காமாரியாவின் முகம் இறுகியது. மூன்று வருஷத்துக்குப் பிறகு பார்க்கிறார்கள்.

"போன் வந்துச்சாமே லாத்தா."

"ஏதோ தப்பா வந்திருக்கு லா. பிள்ளை நல்லாத்தான் இருக்கா. உள்ள வந்து பாரு, சத்தமே இல்லாம தூங்குறா." சொல்லும்போதே காமாரியாவின் குரல் உடைந்தது. "மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா என்ன சொல்லுவாங்க? எங்க பரம்பரையில வியாதின்னு பேசுவாங்க. மைமூனா தங்கச்சிய யாரு பொண்ணு கேட்டு வருவா?"

"பரம்பரையில இருக்கு. உங்க ரத்தத்துலயும் இருக்கு, என் ரத்தத்துலயும் இருக்கு. அதை மூடி வச்சா போயிடுமா?" சுலைஹா உள்ளே போகவில்லை, வாசலை மறித்தே நின்றாள். "அன்னைக்கு யாருக்கும் தெரியாது. உங்கள நான் குத்தம் சொல்லல. இன்னைக்கு போன் பண்ணிச் சொல்றாங்க, வீடு தேடி வந்து சொல்றாங்க. இதுக்கப்புறம் அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆனா, ஊர் பேசுறது இருக்கட்டும், நான் பேசுவேன். பள்ளிவாசல் வாசல்ல, நடுவுல நின்னு பேசுவேன்."

உள்ளறைத் திரை விலகியது. மைமூனா குழந்தையை மார்போடு அணைத்தபடி நின்றாள். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாளோ தெரியாது. போன் வந்ததே அவளுக்குத் தெரியாது என்பது முகத்தில் எழுதியிருந்தது.

"மாமி, டாக்ஸி நிக்குதா?"

"நிக்குது."

"அப்ப வாங்க, போவோம்."

ரோஹானா குழந்தைத் துணிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முதலில் இறங்கினாள். காமாரியா கதவருகே நின்றாள். அப்புறம் செருப்பைத் தேடினாள், கிடைக்கவில்லை. வெறுங்காலோடு லிஃப்டுக்கு ஓடி வந்தாள்.

இரண்டாவது ரத்தமும் அதையே சொன்னது. பதினோராம் நாள் மாத்திரை தொடங்கியது. மாப்பிள்ளை வீட்டில் இரண்டு மாதம் முணுமுணுத்தார்கள். மைமூனா, "என்கிட்ட நேரா கேளுங்க" என்று சொன்ன பிறகு அடங்கிப்போனார்கள். அவளுக்கு அந்த வாய் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

காமாரியா மன்னிப்புக் கேட்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை தூக்குப் பாத்திரத்தில் கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். சுலைஹா வாங்கிக்கொண்டாள். பரவாயில்லை என்று அவளும் சொல்லவில்லை.

"லாத்தா, மைமூனா வேலைக்குப் போனப்புறம் பிள்ளை உங்க கையிலதான். காலையில மாத்திரை குடுத்தாச்சான்னு தினமும் போன் பண்ணுவேன்."

"தினமுமா?"

"தினமும்."

சொன்னபடியே செய்தாள். காலை ஷிஃப்டானாலும் மதிய ஷிஃப்டானாலும் காலை ஆறரைக்கு ஜெலுத்தோங் ஃப்ளாட்டில் போன் அடித்தது. முதல் மாதம் காமாரியா பொறுமையாகப் பதில் சொன்னாள். இரண்டாவது மாதம் சலித்துக்கொண்டாள். ஆறாவது மாதத்தில், போனை எடுத்ததும் ஹலோகூடச் சொல்லாமல், "குடுத்தாச்சு, போ!" என்று கத்திவிட்டு வைத்துவிடுவாள். சுலைஹா ரிசீவரை வைத்துவிட்டு, தன் வேலையைப் பார்க்கப் போவாள்.